சிலோவில் நிற்காத இஞ்சின்

எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது, கேட்கும். நடுவே இரண்டு வீட்டு வளவுகளும் மாதா கோயிலின் பின்மதிலும் இருக்கின்றன. காலையில் நான் குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில்தான் படகுகள் கரைக்குத் திரும்பும். எந்த இஞ்சின் எந்த வீட்டுடையது என்று எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி தன் புருஷனுடைய இஞ்சின் கேட்ட பிறகுதான் காலைச் சாப்பாட்டுக்குப் பாணை வெட்டுவாள். அதற்கு முன்னர் வெட்டினால் காய்ந்துவிடும் என்பாள். அது மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கரையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே இறங்குதுறை இல்லை, அலையைத் தடுக்கக் கல்லணையும் இல்லை. கரை சரிவாக இருப்பதால் அலை மணலுக்கு மிகக் கிட்ட வந்துதான் உடையும். திரும்பி வரும் படகு அந்த இடத்துக்கு வெளியே நின்று காத்திருக்க வேண்டும். இஞ்சின் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மெதுவான ஓட்டத்தைத்தான் எங்கள் ஆட்கள் சிலோ என்பார்கள். படகை ஓட்டுபவன் கரையைப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பெரிய அலைகள் போய்ச் சற்று அடங்கும்போது ஒரே முறுக்கு. சின்ன அலை ஒன்றின் முதுகில் ஏறி மணலுக்கு வந்துவிடுவான். காத்திருக்கும்போது இஞ்சின் நின்றுபோனால் படகு தானாகவே குறுக்காகத் திரும்பும். குறுக்காக நிற்கும் படகை அடுத்த அலை கவிழ்த்துவிடும்.

இதெல்லாம் எனக்குக் கலியாணம் முடித்த நாளிலிருந்து தெரிந்த விஷயம். ஆனால் என் மகன் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் சிலோவின் சத்தத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கப் பழகினேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். மகன் உயர்தரம் வரைக்கும் படித்தான். பிறகு கொழும்பில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வந்தான். கணவரின் முழங்காலுக்குள் போர்க்காலத்துச் செல்லின் இரும்புத்துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அவரால் ஆடும் படகில் நிற்க முடியாது. அதனால் படகு மகனுக்கும் என் தம்பிக்கும் ஆனது. கணவரிடம் மிஞ்சியது ஒரு வேலைதான். ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு சிவப்பு எண்ணெய்த் தாங்கியை நிரப்பி, ஒயில் கலந்து, மூடியைத் துடைத்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கரைக்குப் போவார். யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

எங்கள் இஞ்சின் பழையது. தொடக்குவது பெற்றோலில், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்த வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் அது கோளாறு காட்டியது. முதலில் தம்பிதான் வந்து சொன்னான். அவனுக்கு எதுவும் பகிடியாகத்தான் வாயில் வரும்.

"அக்கா, உன்ரை மோன்ரை இஞ்சின் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஓடச் சொன்னா ஓடும். ஒரு இடத்தில நில்லெண்டா நிக்காது."

"நிக்காட்டி என்ன செய்யிறியள்?"

"என்ன செய்யிறது, திருப்பிக் கயிறு இழுக்கிறதுதான். ரெண்டாம் இழுவைக்குப் பத்தீட்டுது."

"அலைக்குக் கிட்டவோ?"

அவன் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தான். மகன் அவனை முறைத்தான். இதை எனக்குச் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் வரும் வழியில் கதைத்து முடிவெடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. கணவர் பிளக்குகளைக் கழற்றினார். கறுத்து, ஈரமாக இருந்தன. அவற்றைக் கம்பித் தூரிகையால் உரஞ்சிவிட்டு, அடுப்பு நெருப்பில் சிவக்கச் சுட்டு எடுத்தார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் புதுப் பிளக்குக்கு எங்கே போவது? அப்போது பழகிய வேலை அது. என் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பிளக்குகள் தணல் போலக் கிடந்தன. மகன் அவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த நாள் கடையில் புதிது இரண்டு வாங்கி வந்தான். புதுப் பிளக்கோடும் இஞ்சின் சிலோவில் நிற்கவில்லை.

பிறகு தம்பி சிலோவின் திருகாணியை இறுக்கி வேகத்தைக் கூட்டிவிட்டான். இஞ்சின் அணையாமல் நின்றது. ஆனால் கியரைப் போட்டவுடன் படகு உதை வாங்கிய மாடு போலப் பாய்ந்தது. மகன் படகின் முன்பக்கம் அணியத்தில் நின்று வலை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருமுறை அது அப்படிப் பாய, கிட்டத்தட்ட கடலுக்குள் போயிருக்கிறான். திருகாணி பழைய இடத்துக்கே வந்தது.

அடுத்தது காபரேற்றர். மகன் அதைக் கழற்றி வந்து என்னுடைய வெள்ளைப் பீங்கான் கோப்பைக்குள் ஒவ்வொரு துண்டாக வைத்தான். சிலோவுக்கு எண்ணெய் விடுவது ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அதன் நடுவே உள்ள துளைக்குள் குண்டூசி கூடப் போகாது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. கிழிந்த வலையிலிருந்து ஒரு தங்கூசி நைலோன் இழையை வெட்டி அதற்குள் விட்டு எடுத்தான். இழையின் நுனியில் தேன் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"இந்தா, ஆள் பிடிபட்டிட்டார்" என்றான்.

வளவில் நீல நிறப் பீப்பாவில் தண்ணீர் நிரப்பி, அதன் விளிம்பில் இஞ்சினைக் கொழுவித் தொடக்கினார்கள். அது சிலோவில் நின்றது. கோழி உறங்குவது போல் ஒரே சீராக நின்றது. கணவர் கதிரையைப் போட்டுக்கொண்டு பீப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். போதும், நிற்பாட்டுங்கள் என்று நான் சொல்லும் வரைக்கும் ஒருவரும் நிற்பாட்டவில்லை.

நாலைந்து நாள் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே கதை. கழற்றுவது, அதே துளையில் அதே தேன் நிறம், இழை விடுவது, மறுபடி நாலைந்து நாள். இப்படிப் பல தடவை நடந்தது. நாங்கள் கோளாறைத் திருத்தவில்லை, அதற்குத் தவணை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை இஞ்சினை ரவுணில் உள்ள திருத்துபவரிடமே கொண்டுபோனார்கள். அவர் துளையைப் பார்த்துவிட்டு, "எண்ணெயைப் பாருங்கோ தம்பி, எண்ணெய் சரியில்லை" என்றாராம். மகனுக்குக் கோபம். எல்லாப் படகுக்கும் ஒரே இடத்தில்தான் எண்ணெய் எடுக்கிறோம், மற்ற இஞ்சின்கள் நின்றுபோகவில்லையே என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவன் சொன்னதும் சரிதான். வீட்டில் அதைச் சொன்னபோது கணவரும் அங்கேதான் இருந்தார். அவரும் தலையாட்டினார்.

காற்று மாறத் தொடங்கியிருந்தது. சோளகம் விட்டு விட்டு வீசியது. அலைகள் நேராக வராமல் சரிந்து வந்தன. நான் மகனிடம், "வாடை வரப்போகுது. இஞ்சினை ஒழுங்காத் திருத்திப்போட்டுப் போ" என்றேன்.

"அம்மா, பீப்பாவுக்குள்ள நிண்டதை நீங்களும்தானே பாத்தனீங்கள்?"

"பீப்பாவுக்குள்ள அலை இல்லை."

"ஓம், ரீச்சர்" என்றான்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லை. குசினியில் நின்றிருந்தேன். எங்கள் இஞ்சின் தூரத்தில் கேட்டது; கிட்ட வந்தது; சத்தம் இறங்கிச் சிலோவுக்கு வந்தது. நான் தேயிலைப் போத்தலின் மூடியைத் திறந்தேன். சிலோ நின்றுபோனது.

கயிறு இழுக்கும் சத்தம் வீடு வரைக்கும் கேட்காது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கேட்டது என்றுதான் இன்றும் தோன்றுகிறது. ஒரு இழுவை. இன்னொரு இழுவை. பக்கத்து வளவில் தேங்காய் துருவும் சத்தமும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். நான் ஓடினேன்.

கோயில் மதிலைத் தாண்டியதும் படகின் அடிப்பக்கம் தெரிந்தது. நீலம் பூசிய மேல்பக்கம் தெரியவேண்டிய இடத்தில் வெள்ளை அடிப்பக்கம். ஆண்கள் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தலை தெரிந்தது. அது தம்பி. அவன் கரையைப் பார்த்துக் கத்தவில்லை, படகைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தான். அப்படியென்றால் மற்றவன் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்த அலை படகைத் தூக்கிக் கொஞ்சம் கரைப்பக்கம் போட்டது. அதன் பிறகும் ஒரு தலைதான்.

எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன் என்றும், என்னை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள் என்றும் பிறகுதான் சொன்னார்கள். மகன் படகின் கடல் பக்கத்தால் வெளியே வந்தான். வலை காலில் சுற்றியிருந்தது. ஒரு கை நீந்தவில்லை, தொங்கிக்கொண்டு வந்தது. தம்பி அவனுடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டான். மணலில் கிடத்தியபோது அவன் வாந்தி எடுத்தான். அந்தச் சத்தத்துக்கு நான் நன்றி சொன்னேன்.

தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. ஆசுபத்திரியில் கட்டுப்போட்டு விட்டார்கள். இரண்டு நாள் கழித்து, எங்கள் வளவு மாமரத்துக்குக் கீழே, தம்பி இஞ்சினைப் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தான். மகன் கையைக் கழுத்தில் தொங்கப்போட்டபடி கதிரையில் இருந்தான். கணவர் தூணோடு சாய்ந்து நின்றார். தம்பி எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி விரலை உள்ளே விட்டான். விரலில் தடித்த பசை வந்தது.

"கடல் தண்ணி பசை வைக்காது" என்றான். பிறகு அதை மணந்து பார்த்தான். அவன் முகத்தில் முதல் தடவையாகப் பகிடி இல்லை. "அத்தான், தாங்கிக்கு எந்த எண்ணெய் ஊத்தினனீங்கள்?"

"எடுக்கிற எண்ணெய்தான்."

"அது மட்டுமோ?"

"பழசும் கொஞ்சம் கலக்கிறனான்" என்றார் கணவர். ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் போலத்தான் சொன்னார். "பழசை முதல்ல முடிக்க வேணுமெல்லோ."

நாடு முழுக்க எண்ணெய் இல்லாமல் போன வருடத்தில் அவர் வரிசைகளில் படுத்துக் கிடந்து சேர்த்த மண்ணெண்ணெய் அது. வீட்டில் வைத்தால் நெருப்பு, வெளியில் வைத்தால் களவு என்று பிளாஸ்ரிக் கலன்களில் ஊற்றிப் பின்வளவில் புதைத்து வைத்தார். நானும்தான் கூட நின்று மண் தள்ளினேன். பிறகு எண்ணெய் தாராளமாக வந்தது. நான் அதை மறந்துபோனேன். அவர் மறக்கவில்லை. இந்தச் சோளகத்தில் ஒவ்வொரு கலனாக எடுத்து, ஒவ்வொரு நாளும் புது எண்ணெயோடு ஒரு போத்தல் கலந்திருக்கிறார். பழைய எண்ணெய்க்குப் பலம் குறைவு என்று ஒயிலையும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார். பிளக் கறுத்ததும் அதனால்தான். அவர் பதினெட்டு வயதில் தடைக் காலத்தைப் பார்த்தவர். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிள் தொடக்கியவர். எண்ணெயைக் கொட்டுவது என்ற ஒன்று அவருடைய உலகத்தில் இல்லை.

"எண்ணெய் பழுதாப் போகுமே?" என்று அவர் கேட்டார். "அது என்ன மீனே?"

தம்பி விரலைத் துணியில் துடைத்தான். மகன்தான் சொன்னான். குரலைக் கூட்டாமல் சொன்னான்.

"நீங்கள் கடலுக்கு வாறேல்லை அப்பா. ஆனா என்னைக் கவிட்டது நீங்கள்தான்."

கணவர் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். முழங்காலை மடிக்க முடியாமல் ஒருபக்கம் சரிந்து நின்று வெட்டினார். தம்பி உதவப் போனான், விடவில்லை. இரண்டு கலன்கள் வெளியே வந்தன. இன்னொன்று இருக்கிறது என்றார். அது எந்த இடம் என்று அவருக்கு நிச்சயமில்லை. வாழைப் பக்கமாகத் தள்ளி வெட்டியபோது மண்வெட்டி இரும்பில் பட்டதுபோல் ஒரு சத்தம் வந்தது.

மிதிவெடி அகற்றிய எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் ஒரே மாதிரித்தான் நிற்பார்கள். தம்பி மகனின் கதிரையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கணவர் மண்வெட்டியை எடுக்காமல், வெட்டிய இடத்திலேயே பிடித்தபடி நின்றார். பிறகு மெல்லக் குனிந்து விரல்களால் மண்ணை விலக்கினார். சட்டி மூடி ஒன்று. அலுமினியம். அதற்குக் கீழே சட்டியும் இருந்தது. அது எங்களுடையது அல்ல. நாங்கள் இடம்பெயர்ந்து இல்லாத காலத்தில் எங்கள் வளவில் வந்து தங்கி, போகும்போது புதைத்துவிட்டுப் போன யாரோ ஒரு பெண்ணுடையது. திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பாள். கணவர் அதை மறுபடியும் மண்போட்டு மூடினார். மூன்றாவது கலனை அதன்பிறகு ஒருவரும் தேடவில்லை.

அகப்பட்ட இரண்டையும் தம்பி கொண்டுபோனான். என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை.

தோள் பொருந்த நாள் எடுத்தது. அதற்குள் தாங்கியையும் குழாயையும் மாற்றினார்கள். காபரேற்றரைக் கொதிநீரில் போட்டு எடுத்தார்கள். தாங்கியை இனி மகனே நிரப்புவது என்று ஆனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் மதியம் கணவர் சைக்கிளைத் திருப்பி நிறுத்தியபோது தாங்கி கரியரில் இல்லை, அவ்வளவுதான். அவர் சைக்கிளின் மணியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தார்.

மகன் மறுபடி கடலுக்குப் போய்த் திரும்பிய முதல் காலை நானும் அவரும் கரையில் நின்றோம். அலை உடையும் இடத்துக்கு வெளியே படகு வந்து நின்றது. சிலோ கேட்டது. தடக்கமே இல்லை. கரைக்கு வர இடம் கிடைத்த பிறகும் மகன் வரவில்லை. அலைகள் அடங்கின, மறுபடி எழுந்தன, மறுபடி அடங்கின. அவன் அங்கேயே நின்றான். தகப்பனுக்குக் கேட்கட்டும் என்று நிற்கிறான் என்று தம்பி பிறகு சொன்னான். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவன் பயந்துபோய் நிற்கிறான் என்றுதான் எனக்குத் தெரிந்தது. முறுக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மணலில் படகு உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

இது நடந்து கொஞ்ச நாளில், பரந்தன் சந்தியில் எண்ணெய்க்கு வரிசை நிற்கிறதாம் என்று பஸ்ஸில் வந்த ஒருவர் சொன்னது தெருவெல்லாம் பரவியது. பொய்யாகவும் இருக்கலாம். அன்று கணவர் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினார். பொழுதுபடத் திரும்பி வந்தபோது உரப்பைக்குள் ஒரு புதுக் கலன் இருந்தது.

மகன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"உது எதுக்கு?"

"வீட்டுக்கு."

"வீட்டில காஸ் அடுப்பு இருக்கு. கரண்ட் இருக்கு. பிறகு உது எதுக்கு?"

"இருக்கட்டுமன். புதுசுதானே" என்றார் கணவர்.

மகன் என்னைப் பார்த்தான். நான் அவருக்கு எதிராகக் கதைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தான். என்னால் முடியவில்லை. அன்றைக்கு அதே கதையைக் கேட்டுவிட்டு நானும் கடையில் மேலதிகமாக அரிசியும் நெருப்புப்பெட்டியும் வாங்கி அலுமாரிக்குள் வைத்திருந்தேன்.

"ரெண்டு பேருக்கும் விசர்" என்றான் மகன். எழும்பி வந்து, நல்ல கையால் கலனைத் தூக்கித் தாங்கிக்குள் ஊற்றத் தொடங்கினான். "நாளைக்கே ஓடி முடிக்கிறன். புதைக்க ஒண்டும் மிஞ்சாது."

கணவர் எண்ணெய் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கலன் பாதிக்குக் கீழே வந்ததும் அவருடைய கை தானாக எழுந்தது.

"முழுக்க ஊத்தாதை ராசா. கொஞ்சம் விடு."

அந்தக் குரலில் அவர் என்னிடமும் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. மகன் ஊற்றுவதை நிறுத்தினான். அடியில் ஒரு சாண் எண்ணெயோடு கலனை இறக்கி வைத்து, மூடியை இறுக்கிவிட்டு, வலைக்குத் திரும்பிப் போனான்.

அந்தக் கலன் இப்போது குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வாடை தொடங்கிவிட்டது. மகன் காற்றுக் குறைந்த நாட்களில் போகிறான், தாங்கியைத் தானே நிரப்புகிறான். ஆனால் அவன் மதியத்தில் நித்திரை கொள்வான், தாங்கி வாசலில் இருக்கும், நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், கணவர் மட்டும் விழித்திருப்பார். இன்று காலை கூட்டும்போது கலனை நகர்த்தத் தூக்கினேன். பாரம் கூடியிருந்தது.